கண்வலி விதை: எடைக்கு விற்கிறோம், சத்துக்கு வாங்குகிறார்கள்

மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போனீங்கன்னா கம்பிப் பந்தலில் செங்காந்தள் சிவப்பும் மஞ்சளுமாப் பூத்து நிற்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. நமக்குக் கண்வலிக்கிழங்கு. கிளுவை வேலியில் தானாகப் படர்ந்து கிடந்த கொடியை இன்று கிழங்குக்கும் பந்தலுக்கும் பெரும் பணம் போட்டு வளர்க்கிறோம். அதன் சூல்தண்டு மகரந்தப் பையை விட்டு விலகி, பக்கவாட்டில் வளைந்து நிற்கும். அதனால் காலை நேரத்தில் ஆள் விட்டு, பூப்பூவாக மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

இத்தனை பாடுபட்டு எடுக்கிற விதை எதற்குப் போகிறது? கோல்சிசின் என்ற சத்துக்காக. கிழங்கைவிட விதையில்தான் அது அதிகம். அதிகம் என்றாலும் நூறு கிலோ விதையில் ஒரு கிலோகூடத் தேறாது.

இந்தச் சத்தை 1820-லேயே பிரான்சில் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தார்கள். யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரல் வீங்கித் துடிக்கிற கௌட் நோய்க்கு இன்றும் இதுதான் முக்கிய மருந்துகளில் ஒன்று. விதையில்லாத தர்பூசணியை உருவாக்கவும் இது பயன்படுகிறது.

சமீப காலத்தில் இதய நோய் ஆராய்ச்சியிலும் இதன் பெயர் அடிபடுகிறது. மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்ததில் மறுபடி பாதிப்பு வருவது குறைந்தது. 2023-ல் அமெரிக்காவில் இதயத்துக்காகவும் அனுமதி கிடைத்தது. ஆனால் 2024-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆக, தேவை ஏறிக்கொண்டே போகும் என்று யாராவது ஆசை காட்டினால் அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொரு சேதி. 2020-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதே செங்காந்தளை ஆராய்ந்து, செடி இந்தச் சத்தை உண்டாக்கும் வழியைப் பெருமளவு கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுக்களைப் புகையிலை இனச் செடி ஒன்றில் புகுத்தி, கோல்சிசினுக்கு முந்தைய நிலைப் பொருளையும் எடுத்துக்காட்டினார்கள். நாளைக்கே நம்ம விதை விலைபோகாது என்று அர்த்தமில்லை. ஆனால் 1897-ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகு நம்ம நாட்டு அவுரிச் சாகுபடி என்ன ஆனது என்பது வரலாறு.

வங்கியில் பயிர்க்கடன் மனு பார்க்கும்போது நான் முதலில் கேட்டது, விலையை யார் சொல்கிறார் என்பதைத்தான். கண்வலியில் வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. எடை மட்டும் நமக்குத் தெரியும். சத்து எவ்வளவு என்பது ஆலைக்காரருக்குத்தான் தெரியும். அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையோடு, விதையின் சத்தைச் சோதித்துச் சொல்கிற பொது ஆய்வகமும் வேண்டும் என்று சேர்த்துக் கேட்கணும். பாலுக்குக் கொழுப்பு பார்த்து விலை போடுகிறபோது, இதற்கு ஏன் முடியாது? எச்.பி.எல்.சி. கருவியில் பார்த்தால் விழுக்காடு தெரிந்துவிடும். பத்து உழவர்கள் சேர்ந்து ஒரு மாதிரி கொடுத்தாலே பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

புதிதாக இறங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்:

தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், வடிகால் முக்கியம். டிரைக்கோடெர்மா விரிடி கலந்த வேப்பம்புண்ணாக்கை அடியில் இடுங்கள். பச்சையம் தின்னும் புழுவை ஆரம்பத்திலேயே கையால் பொறுக்கிவிட்டால், வாராவாரம் மருந்தடிக்கிற பழக்கத்துக்குப் போக வேண்டியதில்லை.

செடி முழுக்க நஞ்சு. கிழங்கை வெறுங்கையால் அறுக்காதீர்கள். சாப்பாட்டுக் கிழங்கோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஆடு, மாடு, குழந்தைகள் கிட்டே போகாமல் பாருங்கள்.

கடைசியாக, இருக்கிற பூமி முழுக்க இதையே போடாதீர்கள். கால் பங்கு கண்வலி என்றால், மீதியில் கம்பு, கொள்ளு, கொழுக்கட்டைப்புல் என்று வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆகிறது இருக்கட்டும். விலை விழுகிற வருஷத்தில் அதுதான் நம்மைத் தாங்கும்.