பனிக்காலத்துப் புல்வண்டி

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பிக் ஹோல் என்றொரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரம். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே செய்தியே அல்ல. அந்தக் குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். பேட்டரி பாதி செத்துக் கிடக்கும். ராத்திரி முழுக்க ஹீட்டரைச் செருகி வைத்திருந்தால்தான் டிராக்டர் காலையில் உறுமும். கொட்டிலில் நிற்கிற பெர்ஷரான் என்ற இழுவைக் குதிரைக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். ஓட்ஸைத் தின்று முடித்ததும் வேலைக்குத் தயார்.

இந்தப் பள்ளத்தாக்கிலும், தெற்கே வயோமிங், கொலராடோ மலைப்பகுதிகளிலும் பண்ணைக்காரர்கள் சிலர் இன்னும் குதிரை ஜோடி பூட்டித்தான் மாடுகளுக்குக் குளிர்காலப் புல் போடுகிறார்கள். பழமை மோகம் என்று தள்ளிவிட வேண்டாம். அவர்களுடைய கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

அந்தச் சீமையில் மாட்டுக்குப் புல் சேர்த்து வைக்கும் வழக்கமே ஒரு பேரழிவுக்குப் பிறகுதான் வேரூன்றியது. அதுவரை மாடுகளை வெட்டவெளியில் அவிழ்த்து விட்டால் போதும், பனியைக் கிளறி மேய்ந்துகொள்ளும் என்று பெருமுதலாளிகள் நம்பினார்கள். 1886 கோடை வறண்டு புல் கருகியது. தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் பனி உருகி, மறுபடி உறைந்து, தரைமேல் கண்ணாடிபோல் படிந்தது. அதை உடைத்து மேய மாட்டால் முடியவில்லை. லட்சக்கணக்கில் செத்தன. பிற்பாடு அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் டகோட்டாவில் தன் மந்தையின் பெரும்பகுதியை இழந்தார். மந்தை எப்படி இருக்கிறது என்று கேட்ட முதலாளிக்கு, எலும்பும் தோலுமான ஒற்றை மாட்டை வரைந்து அனுப்பினார் சார்லஸ் ரஸ்ஸல் என்கிற இளம் மேய்ப்பர். அந்தப் படமே அவரை ஓவியராக ஊரறியச் செய்தது. அதற்குப் பிறகு, புல் அறுத்துப் போர் போடாதவன் மாடு வளர்க்க முடியாது என்றாகிவிட்டது.

பிக் ஹோலில் போர் போடுவதற்கென்றே ஒரு சாதனம் உண்டு: பீவர்ஸ்லைடு. மரக்கழிகளாலான உயர்ந்த சாய்தளம். புல் நிரம்பிய தட்டைக் குதிரைகள் கயிற்றில் இழுக்க, அது சாய்தளத்தில் ஏறி, உச்சிக்கு வந்ததும் மறுபக்கம் கொட்டிவிடும். இதற்கு 1910-இல் காப்புரிமை பெற்றார்கள். அப்படிக் குவித்த போரில் மழைநீர் அவ்வளவாக இறங்காது. உள்ளே புல் பச்சை வாசனையோடு இருக்கும்.

எவ்வளவு புல் வேண்டும்? 550 கிலோ எடையுள்ள பசு நாளைக்குச் சுமார் 12 கிலோ உலர்புல் தின்னும். 200 பசு என்றால் தினம் 2,400 கிலோ. ஐந்து மாதத்துக்கு 360 டன். இது சாதாரணக் குளிருக்கான கணக்கு. முடி அடர்ந்து, உடம்பு நனையாமல் இருந்தால் மாடு மைனஸ் 8 டிகிரி வரை சிரமமில்லாமல் தாங்கும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தீனித் தேவை ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும். வயிற்றில் புல் நொதிக்கும்போது எழும் சூடுதான் மாட்டுக்குக் கணப்பு. எனவே பண்டிகையோ பனிப்புயலோ, ஒரு நாளும் தவறக்கூடாது.

விடிந்ததும் வேலை தொடங்கும். உறைந்த இரும்பை அப்படியே வாயில் வைத்தால் நாக்குத் தோல் ஒட்டி உரிந்துவிடும் என்பதால், கடிவாளத்தின் வாய்க்கம்பியைக் கையில் பொத்திச் சூடேற்றிய பிறகே மாட்டுகிறார்கள். கழுத்துப்பட்டை, சேணம், இழுவைச் சங்கிலி என்று ஒவ்வொன்றாக ஏறும். பனியில் வழுக்காமலிருக்க லாடத்தில் முனை வைத்திருக்கும். அடுத்தது சறுக்கு வண்டி. ராத்திரி நின்ற இடத்திலேயே அதன் சறுக்குக் கட்டைகள் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். நேராக இழுத்தால் சேணம்தான் அறும். ‘ஜீ’ என்றால் வலது, ‘ஹா’ என்றால் இடது. ஓட்டுபவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல, குதிரைகள் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி வண்டியை நெம்புகின்றன. படக்கென்று ஒரு சத்தம்; வண்டி விடுபட்டுவிடும்.

புல்கட்டுகளை ஏற்றிக்கொண்டு மாடுகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் ஓட்டுபவர் லகானை முன்சட்டத்தில் கட்டிவிட்டுப் பின்னால் போய்விடுகிறார். குதிரைகள் பாட்டுக்கு நடக்கின்றன. சந்தைக்குப் போகும் வண்டியில் ஆள் தூங்க, மாடு வழி பார்த்து நடந்த காலம் நம் ஊரில் பலருக்கு ஞாபகம் இருக்கும், அதே கதைதான். என்னைக் கேட்டால், குதிரை இன்னும் பிழைத்திருப்பதன் ரகசியம் இதுதான். டிராக்டர் என்றால் ஓட்ட ஒருவர், புல் தள்ள ஒருவர் வேண்டும்; அல்லது விலை உயர்ந்த இயந்திரம் பூட்ட வேண்டும். இங்கே ஒரே ஆள் போதும். கட்டின் கயிற்றை அறுத்து, மறக்காமல் சட்டத்து ஆணியில் மாட்டி (மாடு விழுங்கினால் குடல் அடைபடும்), கவைக்கோலால் புல்லை உதறிக்கொண்டே போகலாம். வெள்ளைப் பனிமேல் நீளமாகப் பச்சைக் கோடு விழுகிறது. தினமும் புது இடம் என்பதால் சாணியும் சேறும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. கோடு நீளமாக இருப்பதால் முட்டித் தள்ளும் பசுவிடமிருந்து ஒதுங்கிச் சாதுப் பசுவும் தின்னும். இரைச்சலில்லாத வண்டியில் நின்றபடி எந்தப் பசு வரவில்லை, எது நொண்டுகிறது, எது கன்று போடப்போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கன்று என்றதும் ஒரு விஷயம். கனடாவின் மானிடோபாவில் கஸ் கோனெஃபால் என்ற பண்ணைக்காரர், சினைப்பசுக்களுக்கு இரவில் தீனி வைத்தால் பெரும்பாலானவை பகலில் கன்று ஈனுகின்றன என்று கவனித்துச் சொன்னார். ஆய்வாளர்களும் பிறகு சோதித்து ஒப்புக்கொண்டார்கள். மைனஸ் 20-இல் நள்ளிரவுப் பிரசவம் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குதிரைக்கும் செலவு உண்டு. 800 கிலோ இழுவைக் குதிரை நாளைக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் புல் தின்னும்; வேலை இல்லாத நாளிலும் தின்னும். மிரண்டு ஓடினால் வண்டியும் ஆளும் தப்புவது கடினம். ஜோடியைப் பழக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 1915 வாக்கில் அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கு மேல் குதிரையும் கோவேறு கழுதையும் இருந்தன. 1960-இல் அது 30 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருப்பவருக்கு டிராக்டரே சரி. நூறு, இருநூறு மாடும் முழங்கால் பனியும் இருக்கிற இடத்தில்தான் குதிரை கட்டுப்படியாகும்.

வயோமிங் அரசே இதற்குச் சாட்சி. குளிரில் எல்க் மான்களுக்குத் தீனி போட அது நடத்தும் இடங்கள் பலவற்றுக்குப் பனிக்காலத்தில் சாலை கிடையாது. அங்கே இன்றும் குதிரை வண்டிதான் போகிறது.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் யெல்லோஸ்டோன் பக்கம் போனால், மான்டானாவின் டீர் லாட்ஜ் ஊரில் உள்ள கிரான்ட்-கோர்ஸ் பண்ணையையும் பார்த்துவிட்டு வாருங்கள். தேசியப் பூங்காத் துறை நடத்தும் பழைய மாட்டுப் பண்ணை அது. மாடுகளும் இழுவைக் குதிரைகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை.