வெயிலடிக்கும் நாளில் சிவப்பு எச்சரிக்கை

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததுமே மருமகன் கைப்பேசியை நீட்டினான். "மாமா, இதப் பாருங்க. நீரோடியிலருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் சிவப்பு எச்சரிக்கையாம். ஒரு துண்டு மேகம் கிடையாது, காத்து கிடையாது. யாரப் பயமுறுத்துறாங்க?"

ஏப்ரல் மாதக் காலை. குளச்சல் பக்கத்துக் கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. சென்னையில் வேலை பார்க்கிறவன், விடுமுறைக்குக் குளிக்க வந்திருக்கிறான். கேள்வி நியாயமானதுதான். இரண்டு டீ சொல்லிவிட்டு அவனுக்கு விளக்கியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

டீயை ஊதினால் மேலே சுருக்கம் விழுகிறது, ஊதுவதை நிறுத்தினால் அடங்கிவிடுகிறது. கடலிலும் அலையை எழுப்புவது காற்றுதான். ஆனால் காற்று நின்ற பிறகும் கடல் அடங்குவதில்லை. கச்சான் காற்று அடிக்கும்போது நம் கண்முன் குழம்பிப் புரள்கிறதே, அது இங்கத்திய காற்றின் அலை. இன்னொரு அலை உண்டு. எங்கோ அடித்து ஓய்ந்துபோன காற்று பெற்றுப்போட்டது அது. வானிலைக்காரர்கள் அதை 'ஸ்வெல்' என்பார்கள். தூரத்து அலை என்று வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு தூரம்? தெற்கே 40 பாகை அட்சரேகையைத் தாண்டினால் காற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு இல்லை. மாலுமிகள் அந்தப் பகுதிக்கு 'கர்ஜிக்கும் நாற்பதுகள்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு புயல் இரண்டு மூன்று நாள் ஒரே திசையில் வீசினால், குட்டையும் நெட்டையுமாக ஆயிரம் அலைகள் பிறக்கும். அவற்றில் நீளமானவைதான் வேகமாக ஓடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நொடிகளை எண்ணி ஒன்றரையால் பெருக்குங்கள். அந்த அலைக்கூட்டம் எத்தனை நாட் வேகத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 18 நொடி அலைக்கு 27 நாட், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 1,200. கன்னியாகுமரிக்கும் 40 பாகைக்கும் நடுவே ஏறக்குறைய 5,300 கிலோமீட்டர். நாலரை நாளில் வாசலுக்கு வந்துவிடும். 8 நொடி அலையோ 12 நாட்டில் தவழும். வழியிலேயே பெரும்பாலும் தேய்ந்துபோகும்.

நெடிய அலை தேயாதா என்று மருமகன் கேட்டான். வால்டர் முங்க் என்ற கடலியல் அறிஞருக்கும் இதே சந்தேகம் இருந்தது. 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே ஒரு வரிசையாக அளவுகருவிகளை வைத்து, தெற்கே பிறந்த அலைகளைப் பின்தொடர்ந்தார். புயல் பகுதியைத் தாண்டிய பிறகு நெடிய அலைகள் இழந்த ஆற்றல் மிகச் சொற்பம். பாதி உலகத்தைக் கடந்தும் அவை அப்படியே வந்து சேர்ந்தன.

"அப்படின்னா கடல்ல இருக்கிறவங்களுக்குத் தெரியுமே?" என்றான். தெரியாது. அதுதான் இதன் களவாணித்தனம். 18 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் 500 மீட்டர். அவ்வளவு நீளத்தில் ஒரு மீட்டர் உயர்ந்து இறங்கினால் வள்ளத்தில் இருப்பவருக்குத் தொட்டில் ஆட்டியது போலக்கூட இராது. ஆழம் 250 மீட்டருக்குக் குறையும்போதே அது தரையை உணரத் தொடங்குகிறது. கரையை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்க, நீளம் சுருங்கி உயரம் ஏறுகிறது. ஏழெட்டு அலை ஓங்கி அடிக்கும், பிறகு சில நிமிடம் ஒன்றுமே இராது. அந்த அமைதியை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். அமாவாசை, பௌர்ணமி நீரேற்றமும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் தெருவுக்கே வந்துவிடும்.

சொல்லாமல் கொள்ளாமல் கள்ளனைப் போல வருவதால் மேற்குக் கரை மீனவர்கள் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்தார்கள். மழைக்காலத்துக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் இதன் தொல்லை அதிகம். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. நம் கரைக்காரர்கள் வைத்த பெயர் அறிவியல் கட்டுரைகளில் அப்படியே புழங்குவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சுனாமியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுனாமி நிலநடுக்கத்தில் பிறப்பது, அதன் அலைகளுக்கு இடையே பல நிமிடங்கள் கழியும். இது காற்றின் பிள்ளை, அதனால் முன்கூட்டியே கணிக்க முடியும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் 2020 முதல் அந்த வேலையைச் செய்கிறது. மருமகன் கையிலிருந்த செய்தி அங்கிருந்து வந்ததுதான்.

இரண்டாவது டீ வந்தது. செய்தியில் இருந்த எண்களைப் பார்த்தோம்.

அலை உயரம் 2.5 மீட்டர் என்றால் வருகிற அலையெல்லாம் 2.5 மீட்டர் என்று நினைக்கக் கூடாது. 300 அலையை அளந்து, அவற்றில் உயரமான 100-ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் வருவதுதான் இந்த எண். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முங்கும் அவருடைய ஆசிரியர் ஸ்வெர்ட்ரூப்பும் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். படகோட்டிகள் கண்ணால் பார்த்துச் சொன்ன உயரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துப்போனது. ஆக, இது படகுக்காரன் கண்ணுக்குத் தெரியும் உயரம். ஆயிரம் அலைக்கு ஒன்று ஏறக்குறைய இதைப்போல் இரு மடங்கு வரும். 2.5 என்றால் எங்கோ ஒரு நாலரை மீட்டர் அலை காத்திருக்கிறது என்று பொருள்.

காற்றுக்கு வானொலியில் சொல்லும் வாசகம் நமக்கு மனப்பாடம்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும். நாம் முதல் எண்ணைக் கேட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். 45-ஐவிட 65-இன் தள்ளல் இரண்டு மடங்கு. படகைக் கவிழ்ப்பது அந்த 'இடையிடையே'தான்.

எச்சரிக்கை சரியாக இருந்தாலும் போய்ச் சேர வேண்டும். 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே போயிருந்தன. கரையில் கூண்டு ஏற்றினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கைப்பேசி அலைவரிசை கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் எட்டும். பிறகு 2019-இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் 'ஜெமினி' கருவி வந்தது. அதில் செய்தியைப் பெறத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் அது பாதிக் கருவிதான்.

மருமகன் செய்தியை மறுபடி படித்தான். "பீரியட் 18 நொடின்னு போட்டிருக்கு மாமா." முகட்டுக்கு முகடு கழியும் அந்த நொடிதான் நான் பார்க்கச் சொல்லும் எண். உயரம் ஒரு மீட்டர்தானே என்று அலட்சியப்படுத்துகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் நொடியைப் பார்ப்பதில்லை. 15-க்கு மேல் போனால் அது தூரத்திலிருந்து வருகிற சரக்கு. கரையில் அப்போதே நாலைந்து பேர் வள்ளத்தைத் தென்னை மரங்களுக்கு அப்பால் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

2024 மே மாதம் இப்படியொரு எச்சரிக்கை இருந்தபோதுதான் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். கடற்கரை ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட நாளில் வெளியூர்ப் பிள்ளைகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தால், நமக்கென்ன என்று போகாதீர்கள். கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.