கண்டியில் ஊர்வலம் வரும் கண்ணகி

அறந்தாங்கிக்குப் பக்கத்து ஆவுடையார்கோயிலைக் கட்டியவர் மாணிக்கவாசகர் என்பார்கள். சிதம்பரத்தில் ஈழத்துப் பௌத்தர்களை வாதில் வென்று, ஈழ மன்னனின் ஊமை மகளைப் பேச வைத்தவரும் அவரே என்கிறது திருவாதவூரடிகள் புராணம். இந்தக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பௌத்தம் எதிரணியாகவே மனதில் பதிந்திருக்கும். இலங்கைக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் முதலில் விட வேண்டியது அந்த எண்ணத்தைத்தான்.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 70 சதவீதம் பேர் பௌத்தர்கள். ஆனால் கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைச் சுற்றி நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி என நான்கு தெய்வங்களுக்குக் கோயில்கள் உண்டு. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகி! ஜூலை, ஆகஸ்டில் நடக்கும் எசல பெரஹரா விழாவில் மாளிகை யானை புனிதப் பேழையைச் சுமந்து செல்ல, நான்கு தெய்வங்களின் ஊர்வலங்களும் பின்தொடரும். கடைசியில் வருவது பத்தினி ஊர்வலம். அதில்தான் பெண்கள் ஆடி வருவார்கள்.

கதிர்காமத்தில் கருவறையைத் திரை மறைத்திருக்கும். கப்புறாளை எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். விழாவில் யானைமேல் போவது யந்திரம்தான், சிலை அல்ல. ஆவுடையார்கோயிலில் லிங்கமில்லாத ஆவுடையைக் கும்பிடும் நமக்கு இது அந்நியமாகத் தெரியாது.

விகாரைக்குள் செருப்பு, தொப்பி கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது. கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பயணியை 2014இல் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை திறக்காது.

தென்கரைக்கும் மலைநாட்டுக்கும் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல பருவம். திருகோணமலைக்கு மே முதல் செப்டம்பர். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குக் கொட்டும் அதே மழை யாழ்ப்பாணத்திலும் கொட்டும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது. இடையிடையே நின்றிருக்கிறது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். என் யோசனை கப்பல்தான். யாழ்ப்பாணத்தில் இறங்கினால், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகத்தை முதலில் பார்க்கலாம். அங்குள்ளவர்கள் பட்ட வலியை மறந்துவிட்டு அந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. மறுநாள் குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவு போங்கள். நாகபூசணி அம்மனைத் தேடித் தமிழரும், நாகவிகாரையைத் தேடிச் சிங்களவரும் வருவது அந்தச் சின்னத் தீவுக்குத்தான். இரண்டையும் பார்க்க அரை நாள் போதும்.