லயத்துப் பிள்ளையின் கோபம்

குருவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே மலை ஏறிவிடுவார்கள். தேயிலைப் பக்கம் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கும் காலைப் பெரட்டு, அந்த ஆள் கணக்கெடுப்பு, காத்திருக்காது. அதனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பிள்ளையின் நாள் எப்போதும் ஒரு பிரிவோடுதான் தொடங்கியது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையை, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு ஓடுவாள் அம்மா. பிள்ளை வீரிட்டு அழும். "நீ போம்மா, கொஞ்ச நேரத்துல அடங்கிரும்" என்பாள் ஆயா. அடங்கியும் விடும். அப்படி அடங்கிய பிள்ளையை நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

அழுகையை அடக்குவதற்கு லயத்தில் காரணம் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரு பிள்ளை அழுதால் வரிசை முழுவதும் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரர்களும் விடிகாலையில் எழ வேண்டியவர்கள். பிள்ளையின் வாயைப் பொத்துவார்கள், அல்லது பயங்காட்டுவார்கள்: "தொரை வாராரு." பெரியவர்களே மலையில் கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் ஒரு சொல் பேசாமல் கோபத்தை விழுங்கியவர்கள். விழுங்கிய கோபம் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வரும். அங்கே அது இறங்குவதற்கு இருந்த கடைசி இடம் பிள்ளையின் முதுகு. அடம் பிடித்தால் அடி, முரண்டு பண்ணினால் அடி. பள்ளிக்கூடத்திலும் பிரம்பு. பிள்ளைக்கு மனம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்று நினைக்க அந்த வாழ்க்கை யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

ஆனாலும் அன்று எதுவுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் திடுக்கிட்டு எழும் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். பூசாரி நெற்றியில் திருநீறு பூசி, கையில் கயிறு கட்டி, "இனி ஒண்ணும் வராது" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அந்த நாளில் ஒரு பெரிய மனிதர் அந்தப் பிள்ளைக்காகவே ஒதுக்கிய கால் மணி நேரம் அது. அப்பாயியின் மடியும் இருந்தது. இவற்றால் பல பிள்ளைகள் தேறியதை நான் நம்புகிறேன். குறையாக இருந்தது ஒன்றுதான். என்ன நடந்தது என்று யாரும் பிள்ளையைக் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்த அப்பாவைப் பார்த்து வந்த பயத்துக்கும், யாரோ ஒருவரின் தகாத கையால் வந்த பயத்துக்கும் ஒரே கயிறுதான் கட்டப்பட்டது.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தன, பலர் வடக்கே போய்த் திரும்பவே இல்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். இரவில் கதவைத் தட்டினால் இன்றும் உடல் பதறுகிறவர்களை நான் அறிவேன். அரிசியும் பாயும் கொடுத்தவர்களுக்குக் கூட, அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று தோன்றியிருக்காது.

இந்த நாட்டில் அப்படி உட்கார வைத்த இடங்கள் பிறகு வந்தன. மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதை உருவாக்கினார்கள். போர் தின்ற தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், ஓவியம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். விளையாட்டின் வழியே சிகிச்சை என்பதை அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா அக்ஸ்லைன் 1947இலேயே ஒரு நூலாக எழுதியிருந்தார். பிள்ளைக்குப் பேச்சு முதல் மொழி அல்ல, விளையாட்டுத்தான். பொம்மையைத் தூக்கி எறிகிற பிள்ளையிடம் "ஏன் எறிந்தாய்" என்று கேட்காமல், "அந்தப் பொம்மை மேல உனக்குப் பயங்கரக் கோபம்" என்கிறார் சிகிச்சையாளர். பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். தன் வயிற்றுக்குள் கொதிப்பதை இன்னொருவர் கண்டுகொண்டார் என்பதே அதற்குப் புதிது.

அதற்குப் பிறகுதான் பழக்கம் வருகிறது. கோபம் வருமுன் உடம்பு என்ன செய்கிறது என்று பிள்ளை கவனிக்கக் கற்கிறது: காது சூடாகிறதா, கை இறுகுகிறதா? சவர்க்காரக் குமிழியை உடையாமல் ஊதச் சொல்வார்கள். அதற்கு மூச்சை நீளமாக விட வேண்டும், நீண்ட மூச்சு நெஞ்சின் படபடப்பைக் குறைக்கும். கோபத்துக்கு ஐந்து படி வரைந்து, "இப்ப நீ எத்தனையாம் படியில நிக்கிற?" என்று கேட்பார்கள். மூன்றாம் படியில் நிற்கும்போதே ஆளைக் கூப்பிடத் தெரிந்துவிட்டால் ஐந்தாம் படிக்குப் போவது குறையும். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை தானாக அடங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தது, அதனிடம் இல்லாத ஒன்றைக் கேட்டதுதான். அமைதியான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், முதலில் அவரிடமிருந்து கடன் வாங்கித்தான் அது அடங்குகிறது.

அதனால் பெற்றோரையும் சேர்த்தே பழக்குகிறார்கள். ஷீலா ஐபேர்க் 1970களில் உருவாக்கிய முறையில் அம்மாவுக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு. நாளுக்கு ஐந்து நிமிடம், பிள்ளை சொல்கிறபடி அதனுடன் விளையாட வேண்டும். கட்டளை இடக்கூடாது, கேள்வியால் துளைக்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, விறகும் தண்ணீரும் சுமந்து வருகிற தாயிடம் இதைச் சொல்லும்போது ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் சொல்ல வேண்டும்.

தோட்டத்திலும் எவ்வளவோ மாறியிருக்கிறது. பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆகியிருக்கின்றன. பல இடங்களில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், சுவரில் படமும் தரையில் விளையாட்டுச் சாமானும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டது. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது கொடூரமான நடத்தை என்று 2021இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மனம் சார்ந்த உதவிக்கு இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியை எட்டவும் முடிகிறது. ஆனால் பிள்ளையை விட்டுப் போகிறவளின் தூரம் கூடிவிட்டது. அன்று மலைக்குப் போன அம்மா பொழுது சாயத் திரும்பினாள். இன்று குவைத்துக்கோ சவூதிக்கோ போன அம்மா திரும்ப ஆண்டுகள் ஆகின்றன. அவள் முகம் கைபேசியில் வருகிறது. அழைப்பு முடிந்ததும் பிள்ளை சாமானை உடைக்கிறது. அதை அடக்க அதே கைபேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறார்கள். பிரம்பு போய்த் திரை வந்ததில் வலி குறைந்தது உண்மை. பிள்ளை எதற்காக உடைத்தது என்ற கேள்வி மட்டும் இன்னும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

மழையும் இருக்கிறது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றில் லயம் மண்ணுக்குள் போனது. மறு வருடம் இரத்தினபுரியிலும் மண் சரிந்தது. இன்று கூரையில் மழை இரைந்தால் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. பயம் பிள்ளைக்கு வயிற்றில்தான் வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளிடம், பள்ளிக்கூடத்திலேயே 15 அமர்வுகள் நடத்திச் சோதித்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. முரட்டு நடத்தை குறைந்தது. ஆனால் மனவடுவும் பதற்றமும் மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை. அன்றாட வாழ்வில் போரின் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டிலும் கூடுதல் பலன் கிடைத்தது. நான் அதை இப்படித்தான் வாசிக்கிறேன்: சரிவில் நிற்கும் லயத்துக்குள் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூச்சை நீளமாக விடச் சொல்வது பாதி வைத்தியம்தான். பாதுகாப்பான நிலத்தில் வீடும் அந்தப் பிள்ளையின் சிகிச்சையில் சேர்ந்தது.

மொழியும் அப்படியே. பக்கத்து ஊர் சிங்களம் பேசும் ஊர். நம் பிள்ளைகளும் கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் பேசுவார்கள். ஆனால் அம்மா போன இரவைப் பற்றிச் சொல்ல வீட்டுத் தமிழ்தான் வரும். கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், பஸ் காசும் வேண்டும். இரண்டு முறை போய்விட்டு நிறுத்திவிடுகிற தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழ் பேசும் உளவளத்துணையாளர் ஒருவர் மாதம் இரண்டு நாள் தோட்டத்துச் சிறுவர் நிலையத்துக்கே வரட்டும். பிள்ளையைத் தினமும் பார்க்கிற அந்த நிலையத்து உத்தியோகத்தருக்கு, எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் பழக்கட்டும்: வாரக்கணக்கில் பேச்சு நின்றுபோன பிள்ளை, தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளை, பழகியதை விட்டுவிட்டு மறுபடி பாயை நனைக்கும் பிள்ளை.

அதுவரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு இரண்டு இலக்கங்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. மனம் தொடர்பான உதவிக்கு 1926, தேசிய மனநல நிறுவகம். எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசக் கேளுங்கள்.