நெல் விளைவது மாநிலத்தில். விலை வருவது டில்லியிலிருந்து

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக் கொண்டால் காவிரி டெல்டாவில் நெல்லின் ஈரப்பதம் ஏறி விடுகிறது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். விவசாயி அங்குள்ள பட்டியல் எழுத்தரிடம் வாதாடுகிறார். ஆனால் அந்த அளவைத் தளர்த்தும் அதிகாரம் எழுத்தருக்கு இல்லை. மாநில அரசுக்கே இல்லை. மத்தியத் தொகுப்புக்கு வாங்கும் நெல்லின் தரத்தை வகுப்பது மத்திய அரசு. மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் பார்த்து, டில்லியிலிருந்து உத்தரவு வந்தால்தான் தளர்வு கிடைக்கும். அதற்குள் களத்தில் கிடக்கும் நெல் முளைத்து விடலாம்.

ஆகவே எந்த அதிகாரம் எந்த அரசிடம் இருக்கிறது என்பதைச் சிறு விவசாயிகளும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மூன்று பட்டியல்கள்

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்திருக்கிறது. மத்தியப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பார்லிமெண்ட் சட்டம் செய்யும். மாநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்குச் சட்டசபை சட்டம் செய்யும். பொதுப் பட்டியலில் இருவரும் செய்யலாம். இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும்.

விவசாயம், நிலம், பாசனம், கால்நடை, சந்தை ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ஏற்றுமதியும் இறக்குமதியும் மத்தியப் பட்டியலில் உள்ளன. பல மாநிலங்களில் ஓடும் நதிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் பார்லிமெண்டுக்கு உண்டு. காவிரி வழக்கு நடுவர் மன்றத்துக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போய், 2018-ல் மேலாண்மை ஆணையம் அமைந்தது இந்த வழியில்தான்.

நடுவில் நிற்கும் ஒரு வரி

விளைவிப்பது மாநில விஷயம் என்றால், விளைந்ததை விற்பது யார் விஷயம்? சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

நாடு சுதந்திரம் அடைந்தபோது உணவுத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் உணவுப் பொருள் வாணிபத்தில் சட்டம் செய்ய ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் பார்லிமெண்டுக்குத் தற்காலிக அதிகாரம் தரப்பட்டது. கெடு முடியும் தறுவாயில், அரசியல் சட்டத்தின் மூன்றாவது திருத்தம் அதை நிரந்தரமாக்கியது. உணவுப் பொருள், எண்ணெய் வித்து, கால்நடைத் தீவனம், பருத்தி, சணல் ஆகியவற்றின் உற்பத்தியும் வாணிபமும் பொதுப் பட்டியலின் 33-வது இனத்தில் சேர்ந்தன. 1955-ன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டமும் இந்த இனத்தைப் பற்றிக் கொண்டதே.

2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களுக்கும் மத்திய அரசு இதையே ஆதாரம் காட்டியது. விவசாயமும் சந்தையும் மாநில விஷயம் என்று எதிர்த்தவர்கள் கூறினார்கள். டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பரில் அச்சட்டங்கள் ரத்தாயின. எவர் வாதம் சரி என்று கோர்ட் தீர்ப்புச் சொல்லவில்லை.

கரும்பு காட்டும் வழி

இரண்டு அரசுகளும் ஒரே பொருளில் கை வைத்தால் மோதல்தான் வரும் என்பதில்லை. கரும்புக்கு மத்திய அரசு ஒரு குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. உத்தரப்பிரதேச அரசு அதற்கு மேல் தானும் ஒரு விலை சொன்னது. ஆலைகள் வழக்குத் தொடுத்தன. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், மத்திய விலைக்குக் குறையாமல் அதைவிடக் கூடுதலாக மாநிலம் விலை சொல்லலாம், அது முரண்பாடு ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். மத்திய அரசு தரையைப் போட்டது. மாநிலம் அதன் மேல் சுவர் எழுப்பலாம் என்பதே இதன் பொருள்.

நெல்லுக்கும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. தமிழ்நாடு அரசு அதன் மேல் குவிண்டாலுக்கு ஊக்கத்தொகை சேர்த்துத் தருகிறது. கையில் வரும் பணம் ஒன்று. அதைத் தரும் அரசுகள் இரண்டு.

யாரிடம் கேட்பது?

1. பட்டா, வாய்க்கால் தூர், ஏரி மதகு, பம்ப் செட் மின் இணைப்பு, கொள்முதல் நிலையம் திறப்பது, சாக்குத் தட்டுப்பாடு: மாநில அரசு. மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறை தீர்க்கும் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

2. ஆதரவு விலை, நெல்லின் ஈரப்பத அளவு, ஏற்றுமதித் தடை: மத்திய அரசு. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்ததும், 2024 மே மாதத்தில் தடையை நீக்கியதும் டில்லிதான். இவற்றுக்குத் தொகுதியின் பார்லிமெண்ட் உறுப்பினரைக் கேட்க வேண்டும்.

3. யூரியா: விலையும் மாநிலத்துக்கான ஒதுக்கீடும் மத்திய அரசிடம். ஊருக்கு ஊர் பங்கிடுவதைக் கவனிப்பது மாநில வேளாண்மைத் துறை. மாநிலம் முழுவதும் தட்டுப்பாடா, நம் சங்கத்தில் மட்டும்தானா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

4. பயிர்க் காப்பீடு: பிரீமிய மானியத்தை இரண்டு அரசுகளும் பகிர்கின்றன. அறுவடைப் பரிசோதனை செய்து மகசூல் கணக்கிடுவது மாநில அலுவலர்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் அவர்களிடமே முதலில் கேட்க வேண்டும்.

"அது எங்கள் கையில் இல்லை" என்ற பதில் சில சமயம் உண்மை; சில சமயம் சாக்கு. எது எவர் கையில் என்று தெரிந்த விவசாயியிடம் அந்தச் சாக்கு செல்லாது.