நகை நான்கும் ஒரு கிறிஸ்துமஸ் படமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அழுகை, இளிவரல், மருட்கை எல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்தச் சிரிப்பும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு இடங்களிலிருந்து பிறக்கிறது என்று வகைப்படுத்தியும் வைத்தார். இந்த நான்கையும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமானால், பழைய உரைகளோடு ஓர் அமெரிக்கப் படத்தையும் நான் துணைக்கு வைத்துக்கொள்வேன். அது 'ஹோம் அலோன்'. டிசம்பர் விடுமுறையில் நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிற அதே படந்தான்.

'சமண வியாபாரிக்குக் கிறிஸ்துமஸ் படத்தில் என்னய்யா வேலை?' என்று அன்பர்கள் கேட்கலாம். தீபாவளியை நாங்கள் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாக வணங்குகிறோம். பக்கத்து வீட்டார் நரகாசுரன் கதை சொல்லிப் பட்டாசு வெடிக்கிறார்கள். பட்சணத் தட்டு மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய் வருகிறது. வெளி மாநிலத்தில் குடியிருக்கிற நமக்கு இது புதிதல்லவே! நல்ல சிரிப்பும் அப்படித்தான், எந்த வீட்டிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

படம் 1990 நவம்பரில் வெளிவந்தது. கதை எழுதித் தயாரித்தவர் ஜான் ஹியூஸ், இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ், இசை ஜான் வில்லியம்ஸ். நம்மவர்கள் விழுந்து விழுந்து சிரித்த 'பேபீஸ் டே அவுட்' (1994) படத்தை எழுதியவரும் இதே ஹியூஸ்தான். சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் முதல் போட்டு, உலகம் முழுவதும் 47 கோடி டாலருக்கு மேல் வசூல் கண்டது. 2023-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தார்கள். போலந்து நாட்டில் கிறிஸ்துமஸ் வந்தால் தொலைக்காட்சியில் இந்தப் படம் போடுவது ஒரு பண்டிகை வழக்கமாகவே ஆகிவிட்டது.

கதை சிகாகோவை அடுத்த ஒரு புறநகரில் நடக்கிறது. வின்னெட்கா என்னும் ஊரில் ஒரு நிஜ வீட்டை வைத்தே எடுத்தார்கள். அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டும் கிறிஸ்துமஸுக்குப் பாரிஸ் புறப்படுகின்றன. பெரியவர்கள் 4 பேர், பிள்ளைகள் 11 பேர். இரவில் மின்சாரம் போனதால் கடிகாரம் எழுப்பவில்லை. காலையில் ஒரே களேபரம். தலையை எண்ணிப் பார்க்கிறார்கள், பதினொன்று சரியாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு தலை, வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுப் பையனுடையது! எட்டு வயது கெவின் மாடி அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறான். கடையில் இருப்பு எடுக்கிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். எண்ணிக்கை சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இனி நகைக்கு வருவோம். முதலில் இளமை. தனியாக விடப்பட்ட கெவின் கட்டிலில் குதிக்கிறான், வேண்டுமட்டும் ஐஸ்கிரீம் தின்கிறான், அப்பாவின் சவர மருந்தைக் கன்னத்தில் தடவிக்கொண்டு எரிச்சலில் அலறுகிறான். பிறர் இளமை கண்டு நாம் நகுவது இது. மக்காலே கல்கின் என்ற சிறுவன் இதில் உலகப் புகழ் பெற்றான்.

அடுத்தது பேதைமை, அதாவது அறியாமை. வீட்டில் ஆள் இல்லை என்று நோட்டம் பார்க்க வரும் திருடர்கள் இருவர். கெவின் பொம்மைகளைக் கயிறு கட்டி ஆட்டி, பொம்மை ரயிலில் அட்டை உருவத்தை ஓடவிட்டு, உள்ளே விருந்து நடப்பதுபோல் நிழல் காட்டுகிறான். அவர்களும் நம்பி ஓடுகிறார்கள்! பழைய படம் ஒன்றின் துப்பாக்கிச் சத்தத்தை நிஜம் என்று நம்பி ஒருவன் நடுங்குகிறான். அந்தப் பழைய படம்கூட நிஜமான பழைய படம் இல்லை, இதற்கென்றே எடுத்துச் சேர்த்தது. அப்படிப் பார்த்தால் திருடனோடு சேர்ந்து நாமும் ஏமாந்தவர்கள்தான்.

மூன்றாவது மடன். பிறர் சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்த பிடியை விடாமலிருப்பது என்கிற பொருளில் பேராசிரியர் உரை சொல்கிறார். கைப்பிடியில் கை வெந்தது, தலையில் தீப்பிடித்தது, படியில் பனிக்கட்டி வழுக்கியது. ஆனாலும் இந்த வீட்டைத்தான் கொள்ளையடிப்பேன் என்று நிற்கிறார்களே, அது மடன்.

இந்த இடத்தில்தான் என் பேத்தி ஒரு கேள்வி போட்டாள். "தாத்தா, இஸ்திரிப் பெட்டி அவன் மூஞ்சில விழுதே, அது இம்சை இல்லியா? நாம சிரிக்கலாமா?"

நியாயமான கேள்வி. எங்கள் ஆகமங்கள் இல்லறத்தானுக்கு இம்சையை நான்காகப் பிரித்துச் சொல்கின்றன. வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. சமையல் முதலான வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தாக்க வருகிறவனைத் தடுக்கும்போது நேர்வது விரோதி இம்சை. முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் கூடியமட்டும் குறைக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டைக் காப்பது நான்காவதில் சேரும். ஆனால் தேவைக்கு மேல் போனால் அதுவே முதலாவதாக மாறிவிடும். சிரிப்பையும் எங்கள் நூல்கள் சும்மா விடவில்லை. ஹாஸ்யத்தை ஒன்பது நோகஷாயங்களில் ஒன்றாக, மனத்தைக் கலக்கும் சிறு பற்றுகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கவனிக்கச் சொல்வதாகவே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பேத்திக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அது சண்டைக் கலைஞர்கள் பழகி விழுந்த விழுகைம்மா. வெறுங்காலோட கண்ணாடி மேல நடக்கிற ஆளுக்கு ரப்பர் பாதம் மாட்டியிருந்தாங்க. சினிமாவுல எழுந்து வந்துட்டான், நிஜத்துல எழுந்திருக்க மாட்டான். இந்த வித்தியாசம் தெரிஞ்சா நீ தாராளமா சிரி."

அப்படியானால் படத்தில் நிஜமான காயம் எது? நான் கடைசிக்குத் தள்ளி வைத்த எள்ளலில் இருக்கிறது அது. எள்ளல் இரண்டு பக்கம் உடையது என்பார் பேராசிரியர். நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே நகுவது மற்றொன்று. இரண்டாவது பெரியவர்களுக்கே கஷ்டம், குழந்தைக்குக் கேட்க வேண்டுமா? புறப்படுவதற்கு முந்தின இரவு, சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் சீண்டுகிறான், பால் கொட்டுகிறது, சித்தப்பன் ஏசுகிறான். தாய் அவனை மாடிக்கு அனுப்புகிறாள். அவனும், இவர்கள் முகத்திலேயே இனி விழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். இஸ்திரிப் பெட்டி பட்ட காயம் அடுத்த காட்சியில் ஆறிவிடுகிறது. இந்தச் சொல் பட்ட காயம் ஆறத்தான் முழுப் படமும் வேண்டியிருக்கிறது.

சொல்லால் அடிபட்டவர் இன்னொருவரும் உண்டு, பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லி. மண்வெட்டியால் குடும்பத்தையே கொன்றவர் என்று தெருப் பிள்ளைகள் கதை கட்டி வைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் தினமும் செய்வது, பனி உறைந்த பாதையில் யாரும் வழுக்கி விழாதபடி உப்புத் தூவுவது. வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே வைத்தது ஏன் என்று இங்கே தெரிகிறது. ஹியூஸ் எழுதிய கதையில் இந்தப் பாத்திரத்தைச் சேர்த்தவர் இயக்குநர் கொலம்பஸ்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, தேவாலயத்தில் கெவினும் மார்லியும் சந்திக்கிறார்கள். பேத்தி பாடுவதைக் கேட்கக் கிழவர் தனியாக, ஒளிந்தாற்போல வந்திருக்கிறார். மகனோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. கூப்பிட்டுப் பேசுவதுதானே என்கிறான் பையன். அவன் பேச மாட்டானோ என்று பயம் என்கிறார் கிழவர். எனக்குக்கூட எங்கள் வீட்டு நிலவறை என்றால் பயம், விளக்கைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை என்கிறான் எட்டு வயதுப் பையன்! சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

தாய் கேட் பாரிஸிலிருந்து நகையையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்து விமானச் சீட்டு வாங்கி, ஊர் ஊராக மாறி, கடைசியில் ஒரு வாத்தியக் குழுவின் வண்டியில் ஏறி வீடு வந்து சேர்கிறாள். அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த மற்றவர்களும் சற்று நேரத்தில் வந்துவிடுகிறார்கள். வியாபாரக் கணக்கில் இது நஷ்டம். ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் அவள் மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். எங்கள் தசலட்சண பருவத்தில் பத்து அறங்களில் முதல் அறம் உத்தம க்ஷமை, அதாவது பொறுத்தல். தாயே மகனிடம் கேட்பதும் அதில் அடங்கும்.

ஆகவே இந்த விடுமுறையில் குடும்பத்தோடு படத்தைப் பாருங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரியுங்கள். தேவாலயக் காட்சி வரும்போது மட்டும் காபி போட எழுந்து போக வேண்டாம். ஊரில் பாகப் பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம்மில் எத்தனை பேர்! கோபித்துக்கொண்டு போன பிள்ளை கூப்பிடட்டும் என்று காத்திருக்கும் தகப்பன்மார் எத்தனை பேர்! படம் முடிந்ததும் தொலைபேசியை எடுத்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால், ஊரில் யாரையாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.