துணி உலர்த்தும் யந்திரத்தில் கம்பளி உருண்டைகள்

சலவைத் துணியைக் கொடியில் போட்டு வெயிலிலும் காற்றிலும் உலர்த்துவதே நமது வழக்கம். அதற்கு நிகரான சிக்கன முறை வேறில்லை. அமெரிக்கா, கானடா முதலிய தேசங்களிலோ பெரும்பாலான வீடுகளில் இதற்கென யந்திரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரத் துணியுடன் அல்லற்படும் நம் நகரவாசிகளிலும் சிலர் இப்போது அதை வாங்கி வருகின்றனர். அந்த யந்திரத்தில் இடும் பொருளொன்று ஆட்டு ரோமத்தினால் செய்யப்படுவதாகையால், ஆடு வளர்க்கும் குடியானவர்களும் அதன் குணதோஷங்களை அறிந்திருத்தல் நலம்.

தாளும் அதன் குறைகளும்

யந்திரத்தினுள் ஓர் உருளை சுழல, அதனூடே வெப்பக் காற்று செலுத்தப்படுகிறது. துணிகள் புரண்டு உராயும்போது, முக்கியமாகப் பாலியெஸ்டர், நைலான் போன்ற செயற்கை நூலாடைகளில் மின்சாரம் ஏறி, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுப்பதற்காக டிரையர் ஷீட் எனப்படும் தாளை உபயோகிக்கின்றனர். கான்ராட் கெய்சர் என்னும் அமெரிக்கர் 1969-ம் ஆண்டில் இதற்குப் பேடெண்டு பெற்றார். இது பெரும்பாலும் நெய்யப்படாத பாலியெஸ்டர் துண்டாகும். இதன்மேல் பூசியுள்ள கொழுப்புத் தன்மையுள்ள பொருளும் வாசனையும் சூட்டில் இளகித் துணியில் படிகின்றன. அதனால் துணி மிருதுவாகிறது, ஒட்டுவதும் குறைகிறது.

ஆயினும் அப்பூச்சு துவாலையில் படியுமாயின் அது நீரை உறிஞ்சும் சக்தி குறையும். தீப்பற்றாதபடி பக்குவம் செய்த குழந்தைகளின் இரவு உடைகளுக்கும் இத்தாள் ஆகாது. வாசனை ஒவ்வாதவர்களுக்கு அது தொந்தரவு தரும். ஒரு தடவை உபயோகித்ததும் எறிய வேண்டியதாயிருப்பதுடன், எறிந்த துண்டு மண்ணில் எளிதில் மக்குவதுமில்லை.

உருண்டை செய்யும் வேலை

கம்பளி உருண்டை சுமார் இரண்டரை முதல் மூன்று அங்குலக் குறுக்களவு உள்ளது. சிறு அளவுத் துணிக்கு மூன்றும், அதிகமாயின் ஆறும் இடுவர். இவை துணிகளினிடையே புகுந்து அவற்றைப் பிரித்து வைப்பதால் வெப்பக் காற்று எங்கும் செல்கிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஏற்கவல்லது. எவ்விதப் பூச்சும் துணியில் படிவதில்லை. ஒரே உருண்டையைப் பன்முறை உபயோகிக்கலாம்.

மின்சாரம் ஏறுவதைத் தடுப்பதில் மட்டும் உருண்டை தாளுக்கு ஈடாகாது. அளவுக்கு மிஞ்சி உலர்வதே அதற்கு முக்கிய காரணம். ஆகவே செயற்கை நூலாடைகளைப் பருத்தித் துணிகளிலிருந்து பிரித்துப் போட்டு, சிறிது ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உருளையைத் திணித்து நிரப்பினால் உருண்டை புரள இடமின்றிப் பயனற்றுப் போகும்.

நேரம் மீதமாகுமா என்பதை விற்போர் சொல்லைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. புதிய உரத்தை ஒரு பாத்தியில் இட்டு, அடுத்த பாத்தியை இடாமல் விட்டு ஒப்பிடுகிறோமல்லவா? அதேபோல ஒரே வகைத் துணியை ஒரே எடையில் எடுத்து, உருண்டையுடன் மூன்று முறையும் இல்லாமல் மூன்று முறையும் உலர்த்தி, நேரத்தைக் குறித்துப் பார்க்கவும்.

தாளானாலும் உருண்டையானாலும், யந்திரத்தின் பஞ்சுச் சல்லடையை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்தே தீரவேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை இந்த யந்திரங்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் நேர்ந்தன. அவற்றின் காரணங்களில் முதலாவது, யந்திரத்தைச் சுத்தம் செய்யாமையே.

செய்யும் விதம்

ரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டு அலசப்படுகையில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். இந்தக் குணமே உருண்டைக்கு ஆதாரம். கத்தரித்த ரோமத்தில் முள்ளும் சருகும் நீக்கி, இளஞ்சூடான சோப்பு நீரில் கசக்காமல் ஊறவைத்து அலசி உலர்த்தவும். பின்பு பிரித்துச் சீவி நூலாக்கி, பந்துபோல் இறுகச் சுற்றி, பழைய காலுறையில் இட்டு முடிந்து, வெந்நீரில் துவைத்து உலர்த்தவும். உருண்டை நன்கு இறுகும்வரை இரண்டு மூன்று தடவை இவ்வாறே செய்யவும். உள்ளே ஈரம் தங்கினால் நாற்றம் உண்டாகும்.

எல்லா ஆட்டின் ரோமமும் இதற்கு உதவாது. மேச்சேரி ஆட்டின் மயிர் இறுகுவதில்லை. நீலகிரி ஆட்டின் ரோமம் மெல்லியது, இதற்கு ஏற்றது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டின் ரோமம் முரடானது. அதில் ஒரு பிடியை முதலில் துவைத்துப் பார்த்து, இறுகினால் மட்டும் மேற்கொண்டு செய்யலாம். செதில் நீக்கிப் பக்குவம் செய்த கடைக் கம்பளி நூலும் இறுகாது.

முக்கிய எச்சரிக்கை

நோயினால் இறந்த ஆட்டின் ரோமத்தை எக்காரணத்தாலும் எடுக்கலாகாது. அடைப்பான் நோயின் கிருமி ரோமத்தில் நெடுநாள் உயிருடனிருந்து, அதைக் கையாளும் மனிதரையும் தாக்கும். ஓர் ஆடு திடீரென இறந்து, வாயிலும் மூக்கிலும் இரத்தம் கசிந்தால், அதை அறுக்கவோ தோலுரிக்கவோ விடாமல் கிராம அதிகாரிகள் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கத்தரித்த ரோமம் விலைபோகாமல் கிடக்கும் இடங்களில் ஓய்வு நாட்களில் இந்த வேலையைச் செய்து பார்க்கலாம். முதலில் பத்து உருண்டைகள் மட்டும் செய்து, நகரத்தில் யந்திரம் வைத்திருப்போரிடம் கொடுத்து, அவை உதிராமல் உழைக்கின்றனவா என்று விசாரிக்கவும். செலவான ரோமத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, கிடைக்கும் விலை கட்டுமாயின் பிறகு அதிகமாகச் செய்வது உசிதம்.